மல்டிபிள் மைலோமா: முதல் ஊசிக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள்

தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தபோது முதுகில் சடக்கென்று ஏதோ முறிந்த மாதிரி இருந்தது என்றார் அம்மா. அது மல்டிபிள் மைலோமா, அதாவது எலும்பு மஜ்ஜையில் வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோய் என்று தெரிய ஏழு மாதம் ஆனது. நடுவில் எலும்புத் தேய்மானம் என்றார்கள். ஒருவர் முதுகெலும்பு டிபியாக இருக்கலாம் என்றார். கால்சியம் மாத்திரையும் வலி மாத்திரையும் வேளை தவறாமல் நான்தான் கொடுத்தேன். ரத்தத்தில் அப்போதே கால்சியம் கூடிக் கிடந்திருக்கிறது. வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

நோய்க்குப் பெயர் தெரிந்த பிறகும் ஆறு வாரம் வீணானது. எங்கே போவது, எதைக் கொண்டுபோவது, எந்த கவுன்டரில் நிற்பது என்று தெரியாமல் அலைந்ததில் போன ஆறு வாரம் அது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். காகிதம், காசு, நாள்கணக்கு, இந்த மூன்றுக்கு மட்டும் என் அனுபவத்தை வைத்துக்கொள்ளுங்கள். தொகைகள் எல்லாம் எங்கள் பில்களிலிருந்தும் விசாரித்ததிலிருந்தும் சொல்பவை. ஊருக்கு ஊர் மாறும்.

1. உள்ளூர் லேபிலேயே முடியக்கூடிய பரிசோதனைகள்

வயது ஐம்பதைத் தாண்டியவருக்கு மாதக்கணக்கில் விடாத முதுகுவலி, இரும்பு மாத்திரைக்கு மசியாத ரத்தசோகை, காரணம் தெரியாமல் ஏறும் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு), அடிக்கடி நிமோனியா. இவற்றில் இரண்டு சேர்ந்து இருந்தாலே டாக்டரிடம் மைலோமா பற்றி வாய்விட்டுக் கேளுங்கள்.

முதலில் கையில் இருக்கும் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டுங்கள். மொத்தப் புரதம் அதிகமாகவும் அல்புமின் குறைவாகவும் இருக்கிறதா? அம்மாவின் பழைய ரிப்போர்ட் ஒன்றில் 10.4, 3.1 என்று இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருந்தன. அந்தத் தாளை நான் இரண்டாக மடித்து பீரோவில் வைத்திருந்தேன்.

எடுக்க வேண்டியவை: முழு ரத்த எண்ணிக்கை, கிரியாட்டினின், கால்சியம், சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபொரசிஸ், இம்யூனோஃபிக்சேஷன், சீரம் ஃப்ரீ லைட் செயின். கடைசி மூன்றும் மைலோமா செல்கள் சுரக்கும் புரதத்தைத் தேடுபவை. எலக்ட்ரோஃபொரசிஸ் ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். லைட் செயின் மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை ஆகும். சிறிய ஊர் லேப் என்றாலும் மாதிரியை எடுத்து வெளியே அனுப்பி நாலைந்து நாளில் ரிப்போர்ட் வாங்கித் தருவார்கள்.

இங்கே ஒரு பொறி. எலக்ட்ரோஃபொரசிஸில் ‘எம் பேண்ட்’ (அந்தப் புரதத்தின் பட்டை) இல்லை என்று வந்தால் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். சில நோயாளிகளுக்கு லைட் செயின் என்ற சிறு புரதம் மட்டுமே சுரக்கும். அது இந்தப் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். சாதாரண சிறுநீர்ப் பட்டைப் பரிசோதனையும் அல்புமினைத்தான் காட்டும், லைட் செயினைக் காட்டாது. அதனால்தான் அந்தக் கடைசி மூன்றையும் சேர்த்து எடுக்கச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கால் திடீரென்று பலமிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, ஆள் குழம்பிப் பேசினாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கீழே எழுதியிருக்கும் எதற்காகவும் அப்போது காத்திருக்கக் கூடாது. தண்டுவடம் நசுங்கினால் சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

2. யாரிடம் போவது

மைலோமாவைப் பார்ப்பவர் ஹெமட்டாலஜிஸ்ட், அதாவது ரத்தநோய் நிபுணர். அவர் இல்லாத ஊரில் மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட் பார்ப்பார். எலும்பு டாக்டரும் சிறுநீரக டாக்டரும் துணைக்கு வேண்டும், ஆனால் தலைமை அவர்கள் கையில் இருக்கக் கூடாது. ‘கேன்சர் ஸ்பெஷலிஸ்ட்’ என்று பலகை இருந்தால் அவர் சர்ஜனா, ரேடியேஷன் டாக்டரா, மெடிக்கல் ஆன்காலஜிஸ்டா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்காமல் போய் ஒரு சர்ஜனின் அறை வாசலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

நம் பக்கத்தில் விசாரிக்க வேண்டிய இடங்கள்: வேலூர் சி.எம்.சி.யின் ஹெமட்டாலஜி துறை (1986இலிருந்து மஜ்ஜை மாற்று, அதாவது டிரான்ஸ்பிளான்ட் செய்கிறார்கள்), அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், புதுச்சேரி ஜிப்மர், சென்னை சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. தனியார் பெரிய மருத்துவமனைகள் பலவற்றிலும் டிரான்ஸ்பிளான்ட் பிரிவு உண்டு. மும்பை டாடா மெமோரியலின் கருத்து வேண்டுமென்றால் மும்பைக்கே போக வேண்டும் என்பதில்லை. அவர்களோடு இணைந்த ‘நவ்யா’ என்ற சேவையில் ரிப்போர்ட்டுகளை இணையம் வழியே அனுப்பிக் கேட்கலாம்.

என் யோசனை இதுதான்: முழுத் திட்டத்தையும் பெரிய இடத்தில் வகுத்துக்கொள்ளுங்கள், வாராந்திர ஊசியை வீட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள். முறிந்த முதுகெலும்போடு வாரம் ஒரு முறை முன்னூறு, நானூறு கிலோமீட்டர் பயணம் செய்ய யாராலும் முடியாது. இதை முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். ‘ஊசியை எங்கள் ஊரில் போட்டுக்கொள்ளலாமா, அங்குள்ள டாக்டருக்குக் கடிதம் தருவீர்களா’ என்று நாங்கள் கேட்டதும் மறுக்காமல் கொடுத்தார்கள்.

3. ஃபைல்

மற்ற எதைச் சொதப்பினாலும் இதைச் சொதப்பாதீர்கள். ஒரு கெட்டி அட்டை ஃபைல் வாங்கி, தேதி வரிசையில் பழையதிலிருந்து புதியதற்கு அடுக்குங்கள். முதல் பக்கத்தில் ஒரே தாளில் நோயாளியின் பெயர், வயது, எடை, உயரம், சர்க்கரை, பிரஷர், இப்போது சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள், என்றைக்கு எது நடந்தது என்ற சுருக்கம். பெரிய மருத்துவமனையில் டாக்டர் உங்களுக்குத் தரும் முதல் ஐந்து நிமிடத்தில் அந்தத் தாளைத்தான் படிப்பார்.

ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. ஸ்கேன் எடுத்த இடத்தில் படங்களை சிடியாகவோ பென்டிரைவிலோ வாங்குங்கள். மஜ்ஜைப் பரிசோதனையோ பயாப்சியோ ஏற்கெனவே செய்திருந்தால் அதன் ஸ்லைடுகளையும் பாரஃபின் பிளாக்கையும் எழுதிக்கொடுத்து வாங்குங்கள். பிளாக் என்பது மெழுகில் பதித்த உங்கள் திசு. மறுபரிசோதனைக்குக் கேட்டால் தருவார்கள். ஒரு விண்ணப்பம், ஆதார் நகல், சில இடங்களில் சிறு கட்டணம், இரண்டு மூன்று வேலை நாள், அவ்வளவுதான். நாங்கள் இதை வாங்காமல் போய் அம்மாவுக்கு இரண்டாவது முறை இடுப்பெலும்பில் ஊசி குத்த வேண்டியதாயிற்று. அந்த வலியை அவர் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை எல்லாவற்றிலும் பெயரின் எழுத்தும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். ஒன்றில் முத்துலட்சுமி, இன்னொன்றில் முத்துலெட்சுமி என்று இருந்தால் காப்பீட்டு கவுன்டரில் அனுமதி நின்றுவிடும். இ-சேவை மையத்தில் திருத்தினால் அது முடிய வாரக்கணக்கில் ஆகலாம்.

4. அப்பாயின்ட்மென்ட், பயணம்

பெரிய மருத்துவமனைகளில் இணையத்திலேயே பதிவு செய்யலாம். அரசு மருத்துவமனையில் காலையில் போய் ஓபி சீட்டு வாங்க வேண்டும். ரத்தநோய்ப் பிரிவு எந்தெந்தக் கிழமை என்று முதலில் விசாரியுங்கள். சி.எம்.சி. என்றால் வேலூர் டவுனா, ராணிப்பேட்டை வளாகமா என்று பதிவுச் சீட்டில் பார்த்துக்கொண்டு அறை எடுங்கள். இரண்டுக்கும் நடுவே நல்ல தூரம். ரயிலில் வந்தால் இறங்க வேண்டியது காட்பாடி ஜங்ஷன்.

முதல் முறை குறைந்தது ஒரு வாரம், பத்து நாள் தங்கத் தயாராகப் போங்கள். மஜ்ஜைப் பரிசோதனை ஒரு நாள், ஸ்கேனுக்கு முறை கிடைக்க இரண்டு நாள், ரிப்போர்ட்டுகள் வர மீதி நாள். ‘ஃபிஷ்’ என்ற மரபணுப் பரிசோதனையின் முடிவு இன்னும் தாமதமாகலாம். அதற்காக அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

5. முதல் ஊசிக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள்

நோய் என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் ‘உடனே ஆரம்பியுங்கள்’ என்பார்கள். நானும் அப்படித்தான் நச்சரித்தேன். அவசர நிலை இல்லையென்றால் ஒரு வாரம் காத்திருப்பதால் கெடுதல் இல்லை. தயாரில்லாமல் தொடங்கினால் சிலவற்றைப் பிறகு திரும்பப் பெறவே முடியாது. ஸ்டீராய்டு நாலு நாள் உள்ளே போனாலே மஜ்ஜையின் படம் மாற ஆரம்பித்துவிடும்.

முதல் மஜ்ஜை மாதிரியிலேயே ஃபிஷ் அனுப்பச் சொல்லுங்கள். குரோமோசோம் மாற்றங்களான 17பி இழப்பு, 4க்கும் 14க்கும் இடையிலான இடமாற்றம், 14க்கும் 16க்கும் இடையிலான இடமாற்றம், 1க்யூ கூடுதல் ஆகியவை அதில் இருக்க வேண்டும். நோய் எவ்வளவு முரட்டுத்தனமானது என்று சொல்வது இதுதான். பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் வரை ஆகும். செலவு கருதி இதை விட்டுவிடும் இடங்கள் உண்டு. வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். கூடவே பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், எல்.டி.எச்., அல்புமின் என்ற ரத்தப் பரிசோதனைகள், முழு உடல் பெட் சிடி ஸ்கேன் அல்லது குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்புச் சேதம் ஆரம்பத்தில் தெரியாது.

அடுத்த கேள்வி: ‘இவருக்கு டிரான்ஸ்பிளான்ட் செய்யும் எண்ணம் உண்டா?’ உண்டு என்றால் மெல்ஃபலான் என்ற கீமோ மாத்திரையை முன்னதாகக் கொடுக்கக் கூடாது. லெனாலிடோமைடு என்ற மைலோமா மாத்திரையும் நாலைந்து சுற்றுக்கு மேல் நீண்டால் ஸ்டெம் செல் (ரத்தத்தை உருவாக்கும் தாய் செல்) சேகரிப்பது கஷ்டமாகும். உள்ளூரில் மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டுவிட்டு அப்புறம் டிரான்ஸ்பிளான்ட்டுக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பல் டாக்டரைப் பாருங்கள். எலும்பைக் காக்கப் போடும் சோலெட்ரோனிக் ஆசிட் ஊசிக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. பிடுங்க வேண்டியதை முன்னாலேயே பிடுங்கிப் புண் ஆறியதும் ஆரம்பிக்கலாம். ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் ஆகிவிட வேண்டும். டாராடுமுமாப் என்ற மைலோமா ஊசி கொடுக்கப்போகிறார்கள் என்றால், முதல் டோஸுக்கு முன் ரத்த வகையையும் ஆன்டிபாடி பரிசோதனையையும் எடுத்து அந்தத் தாளை ஃபைலில் வையுங்கள். இந்த மருந்து ரத்த வங்கியின் பொருத்தப் பரிசோதனையைக் குழப்பும். பிறகு எங்கே ரத்தம் ஏற்றினாலும் இதைச் சொல்லியாக வேண்டும்.

போர்டெசோமிப் என்ற மைலோமா ஊசியைத் தோலுக்கடியில் போடுவார்களா என்று கேளுங்கள். ரத்தக் குழாயில் ஏற்றுவதைவிட அதில் கை கால் மரத்துப்போவது குறைவு. அம்மை அக்கி வராமல் இருக்க அசைக்ளோவிர், லெனாலிடோமைடோடு ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் போன்றவை சீட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள். எங்கள் முதல் சீட்டில் அசைக்ளோவிர் விட்டுப்போயிருந்தது.

6. பணம்

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். நோயாளியின் பெயர் ரேஷன் கார்டில் இருக்க வேண்டும். பிள்ளை வீட்டோடு இருக்கும் அம்மாக்களின் பெயர் பழைய கார்டிலேயே கிடக்கும், கவனியுங்கள். அட்டை இருந்தாலும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் மருத்துவமனை முன் அனுமதி வாங்க வேண்டும். அட்மிட் ஆகிப் பணம் கட்டிவிட்டு அப்புறம் அட்டையை நீட்டினால் வேலைக்காகாது. மஜ்ஜை மாற்றும் இத்திட்டத்தில் உண்டு, ஆனால் எல்லா மருத்துவமனையிலும் இல்லை. புதிய மருந்துகளுக்கு அனுமதி கிடைக்குமா என்பதைக் காப்பீட்டு கவுன்டரில் எழுத்து வடிவில் கேளுங்கள்.

தனியார் பாலிசி வைத்திருப்பவர்களுக்கு: வீட்டில் சாப்பிடும் லெனாலிடோமைடுக்குப் பணம் கிடையாது என்பார்கள். 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட நவீன சிகிச்சைப் பட்டியலில் வாய்வழி கீமோதெரபி, மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசி, ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று மூன்றும் இருக்கின்றன. உச்ச வரம்பு வைக்கலாம், அடியோடு மறுக்கக் கூடாது. அந்தப் பட்டியலைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதுங்கள். எங்களுக்கு இரண்டாவது கடிதத்தில் வழிக்கு வந்தார்கள்.

பிரதமர் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிக்க மருத்துவமனையின் மூல எஸ்டிமேட், வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, புகைப்படம் வேண்டும். எம்.பி.யின் கடிதம் இருந்தால் நல்லது. சிகிச்சை முடிந்து கட்டிய பணத்துக்கு இது உதவாது, எஸ்டிமேட் கைக்கு வந்த அன்றே அனுப்புங்கள்.

மருந்து விலைக்கு வருவோம். போர்டெசோமிபும் லெனாலிடோமைடும் இந்தியாவிலேயே பல கம்பெனிகள் தயாரிக்கும் ஜெனரிக் மருந்துகள். மருந்துப் பெட்டியில் அச்சடித்த விலையும் உண்மையில் விற்கும் விலையும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரே மருந்தை ஒரு கடையில் வாங்கிய மறுவாரமே இன்னொரு கடையில் பாதிக்கும் குறைவான விலையில் வாங்கினேன். மத்திய அரசின் மலிவு விலைக் கடைகளான அம்ரித் மருந்தகம், மக்கள் மருந்தகம், பிறகு புற்றுநோய் மருந்து மொத்த விற்பனையாளர் என்று மூன்று இடமாவது விலை கேளுங்கள். பில்லும் பேட்ச் எண்ணும் இல்லாமல் வாங்கவே கூடாது, குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டிய மருந்தை ஐஸ் பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும். டாராடுமுமாப் இன்னும் விலை கூடியதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜி.எஸ்.டி. இல்லை. பழைய கணக்கில் வரி போட்டு எஸ்டிமேட் கொடுத்தால் சுட்டிக்காட்டுங்கள். நோயாளிகளுக்கான கம்பெனி உதவித் திட்டம் உண்டா என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

ரயிலில், புற்றுநோயாளி சிகிச்சைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் கிடையாது. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி ஸ்டேஷன் கவுன்டரில் எடுக்க வேண்டும். திரும்பும் பயணத்துக்கும் அடுத்த முறைக்கும் சேர்த்து இரண்டு மூன்று படிவம் கேட்டு வாங்குங்கள்.

7. டிரான்ஸ்பிளான்ட் என்றால்

இது அறுவை சிகிச்சை இல்லை. டோனரும் வேண்டாம், அவருடைய செல்லையே எடுத்து அவருக்கே திருப்பித் தருகிறார்கள். சொந்தக்காரர்களிடம் ‘மஜ்ஜை கொடுக்க யார் வருவீர்கள்’ என்று நாங்கள் போன் போட்டுக் கலவரப்படுத்தியதுதான் மிச்சம்.

முதலில் மூன்று நாலு மாதம் மருந்து. பிறகு நாலைந்து நாள் செல்லைப் பெருக்கும் ஊசி, ஒன்றிரண்டு நாள் சேகரிப்பு, கடுமையான மெல்ஃபலான், செல்லை ஏற்றுதல், எண்ணிக்கை ஏறும்வரை தனி அறை. மொத்தத்தில் இரண்டு மூன்று வாரம் உள்ளே. வெளியே வந்த பிறகும் சில வாரம் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு இருக்க வேண்டும். எங்களிடம் சொன்ன எஸ்டிமேட்டுகள் ஆறு லட்சத்திலிருந்து பன்னிரண்டு லட்சம் வரை இருந்தன. கிருமித் தொற்று வந்தால் எவ்வளவு கூடும் என்று கேட்டு அதையும் கணக்கில் வையுங்கள். வாடகை, சமைத்த சாப்பாடு, கூட இருப்பவரின் லீவு எதுவும் எஸ்டிமேட்டில் வராது.

8. ஆராய்ச்சியில் சேர

மருத்துவ ஆய்வுகளின் இந்தியப் பதிவேடு ஒன்று உண்டு, சி.டி.ஆர்.ஐ. என்பார்கள். 2009 ஜூனிலிருந்து இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகள் எல்லாம் அதில் பதிய வேண்டும். தேடும் பெட்டியில் மைலோமா என்று ஆங்கிலத்தில் போட்டுத் தேடி, ஆள் சேர்த்துக்கொண்டிருக்கும் ஆய்வுகளை மட்டும் பாருங்கள். எந்த ஊர், எந்த மருத்துவமனை, பொறுப்பான டாக்டர் யார் என்று எல்லாமே அதில் இருக்கும்.

முதல் ஊசி விஷயம் இங்கேயும் வருகிறது. புதிதாக நோய் கண்டவர்களுக்கான ஆய்வுகளில் ஏற்கெனவே மருந்து ஆரம்பித்தவரைப் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். அம்மாவுக்குப் பொருந்திய ஒரு ஆய்வு இரண்டாவது சுற்று முடிந்த பிறகுதான் என் கண்ணில் பட்டது. திரும்ப வந்த நோய்க்கான ஆய்வுகளிலும் எந்தெந்த மருந்து எத்தனை சுற்று, எப்போது நிறுத்தினார்கள் என்று துல்லியமாகக் கேட்பார்கள். ஃபைல் மறுபடியும் கைகொடுக்கும்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். ஆய்வு மருந்து இலவசம். மற்றப் பரிசோதனைச் செலவும் பயணச் செலவும் யாருடையது, ஆய்வு முடிந்த பிறகு மருந்து தொடருமா என்று கேளுங்கள். 2019ஆம் ஆண்டின் விதிகளின்படி ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். ஆய்வில் சேர்க்கிறோம் என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நோயாளியின் நோய் எதிர்ப்புச் செல்லையே மாற்றி அவருக்கே ஏற்றும் கார்-டி சிகிச்சை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இந்தியாவில் 2023இல் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 வேறுவகை ரத்தப் புற்றுநோய்களுக்கானது. புற்றுநோய்ச் செல்லின் மேல் அது குறிவைக்கும் சிடி19 என்ற புரதம் வேறு, மைலோமாவுக்கான கார்-டி மருந்துகள் குறிவைக்கும் பிசிஎம்ஏ என்ற புரதம் வேறு. அமெரிக்காவில் 2021இலும் 2022இலும் மைலோமாவுக்கென்று இரண்டு கார்-டி மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. செய்தித்தாளில் பெயரைப் பார்த்ததும் நிலத்தை விற்கக் கிளம்பாமல், எந்த நோய்க்கு, எந்த இடத்தில் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

9. ஊருக்குத் திரும்பிய பிறகு

வாசல் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டினோம். ஊசி நாள், ஸ்டீராய்டு நாள், லெனாலிடோமைடு சாப்பிடும் 21 நாள், விடும் 7 நாள் எல்லாம் அதில். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் காலை வரை காத்திருக்கக் கூடாது என்று சிவப்பு மையில். வலி மாத்திரைகளான டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் பெயர்களை எழுதி அடித்து வைத்தோம். முதுகு வலிக்கிறது என்றால் தெருமுனைக் கடையில் முதலில் நீட்டுவது அவற்றைத்தான். போர்டெசோமிப் நடக்கும்போது கிரீன் டீ சத்து மாத்திரையும் அதிக டோஸ் வைட்டமின் சியும் வேண்டாம் என்றார் டாக்டர். பஸ்பம், லேகியம் கொண்டுவரும் உறவினர்களிடம் சண்டை போடாமல் வாங்கி அலமாரியில் வைத்துவிடுவேன்.

லைட் செயினையும் எலக்ட்ரோஃபொரசிஸையும் ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் எடுங்கள். லேப் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும், வீட்டில் யாருக்கும் அன்றைக்குத் தூக்கம் வராது. முடிவுகளை ஒரு நோட்டில் தேதி, எண் என்று இரண்டு பத்தியாக எழுதிவருகிறோம். இப்போது அதை அம்மாவே எழுதுகிறார். போன மாதம் டாக்டர் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தபோது, அம்மா நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தார்.